கையை விடுங்க, சம்பந்தி!

பெயிண்டருக்கு ஏறத் தெரிந்தது. இறங்கத் தெரியவில்லை.

நாற்பதடிச் சுவரின் உச்சியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே குடும்பமே அண்ணாந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்றாள் புது மருமகள். சினிமாவுக்குப் போயிருக்கலாம். சுவர் ஏறும் கூடத்துக்கு இழுத்து வந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்காரர்களும் ஆஜர்.

இடுப்பில் வார். வாரில் கயிறு. கயிற்றின் மறுமுனை உச்சியில் ஒரு மெஷினில்.

“மேலே போனதும் ரெண்டு கையையும் விட்டுடுங்க. மெஷின் பூ மாதிரி இறக்கிவிடும்” என்றார் ஏறச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்.

பெயிண்டர் காதில் வாங்கினால்தானே? கிடுகிடுவென்று ஏறினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அப்புறம்தான் வினை.

முப்பது வருஷமாகச் சாரத்தில் நிற்கிறவர். ஒரு கையில் பிரஷ், ஒரு கை கம்பியில். அந்தக் கையை எதற்காகவும் விட்டதில்லை. விட்டவர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேதி சொன்னவரே அவர்தான்.

“அப்பா, கையை விடுங்க!” மகன் கத்தினான்.

“இருடா, சும்மா வேடிக்கை பாக்கறேன்.”

“என்னங்க, சுவத்துல என்னங்க வேடிக்கை?” இது மனைவி.

காலால் துழாவிப் பார்த்தார். பிடி அகப்படவில்லை. உள்ளங்கை வழுக்கியது.

விழுந்தால்கூடப் பரவாயில்லை. அந்தம்மா முன்னால் இப்படி நிற்பதுதான் பிடுங்கித் தின்றது.

அந்தம்மா என்றால் சம்பந்தியம்மா. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பேச வந்த அன்று, “பையனோட அப்பா பெயிண்டரா?” என்று ஒரு இழு இழுத்தார். நாலு மாதமாகியும் அந்த இழுவை பெயிண்டரின் காதை விட்டுப் போகவில்லை.

இன்றைக்கு நல்ல தீனி கிடைத்துவிட்டது அவருக்கு. இனி காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“ஐயோ! சம்பந்தி! என்னைப் பிடிங்க!”

பெயிண்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கத்துக் கயிற்றில், கைக்கெட்டும் தூரத்தில், சம்பந்தியம்மா. கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

“நீங்க எப்படிங்க இங்க வந்தீங்க?”

“ஏதோ வேகத்துல ஏறிட்டேன். இப்ப தலை சுத்துது. செத்தேன் நான்!”

கீழே ஒரே சிரிப்பு.

“வீராப்பா ஏறினா இல்ல? நல்லா அனுபவிக்கட்டும்!” என்றார் அந்தம்மாவின் கணவர். “வீட்ல பல்பு மாட்டக்கூட நான்தான் ஸ்டூல்ல ஏறணும்!”

“அம்மா, மானத்தை வாங்காதம்மா!” என்றாள் மருமகள்.

பெயிண்டருக்குப் பாவமாகப் போய்விட்டது.

“பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. கையை விட்டா மெஷின் பாத்துக்கும்.”

“நீங்க விட்டுக் காட்டுங்க. அப்பத்தான் விடுவேன்.”

“நானா?”

“பின்னே? தொழில் தெரிஞ்சவர் நீங்கதானே? எனக்காக விடுங்க சம்பந்தி. நெஞ்சு படபடங்குது.”

ஒரு பொம்பளை கெஞ்சுகிறார். அதுவும் இந்தப் பொம்பளை.

பெயிண்டர் பல்லைக் கடித்தார். ஒரு கையை எடுத்தார். மறு கை வரமாட்டேன் என்றது. அதையும் பிய்த்து எடுத்தார்.

விழவில்லை. கயிறு வாங்கிக்கொண்டது. நிஜமாகவே பூ மாதிரிதான் இறங்கினார்.

“பாத்தீங்களா? அவ்வளவுதான்! விடுங்க!” பாதி வழியில் அவர்தான் உற்சாகமாகக் கத்தினார்.

தரையில் கால் பட்டதும் உடம்பில் உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே அலறிக்கொண்டு இறங்கினார் சம்பந்தியம்மா.

“மாமா, சூப்பர்! நீங்க இல்லேன்னா அம்மா கதி?” என்றாள் மருமகள்.

பெயிண்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

எல்லாரும் வேனுக்குப் போனார்கள். பெயிண்டர் வாடகை ஷூவைக் கொடுக்கக் கவுண்ட்டருக்குப் போனார். பெருந்தன்மை பொங்கியது.

“வயசானவங்களை ஏன்ம்மா ஏத்தறீங்க? அந்தம்மா பயந்ததைப் பாத்தேல்ல?”

கவுண்ட்டர் பெண் சிரித்தாள்.

“அவங்களா? ஒரு வருஷமா வாரம் மூணு நாள் வர்றாங்க சார். முட்டி வலி வைத்தியம்னு வீட்ல சொல்லிட்டு. சொல்லிக் கொடுத்துடாதீங்க!”

பெயிண்டர் நீட்டிய ஷூவை வாங்கி உள்ளே வைத்தாள்.

“உங்களை இறக்க மாஸ்டர்தான் ஏறப் போனாரு. அவங்கதான் தடுத்தாங்க. ‘ஆளை அனுப்பி இறக்கினா மனுஷன் நொந்து போயிடுவாரு. இரு, நான் போறேன்’னாங்க.”

வேனில் இன்னும் கிண்டல் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது.

“இனிமே மாடிப்படி ஏறினாக்கூட சம்பந்தியைத்தான் கூப்பிடுவா!” அந்தம்மாவின் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சம்பந்தியம்மாவும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்.

“அப்பாவாலதான் இன்னைக்குத் தப்பிச்சோம்” என்றான் வண்டியைக் கிளப்பிய மகன்.

சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போதும், நிறுத்துங்கப்பா” என்றார் பெயிண்டர். “மேலே பயந்து நின்னவன் நான். என்னை இறக்கிவிட்டதே சம்பந்தியம்மாதான்.”