பூட்டு ஷேர் வாங்க வந்தான்

“மாமா, எனக்கு ஷேர் வாங்கிக் கொடுங்க. எதுவா இருந்தாலும் சரி, ஏறணும்.”

மாமாவின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

கேட்டவன் அவர் மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக். வாசலைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பான். அதனால் குடும்பத்தில் அவனுக்குப் பெயர் ‘பூட்டு’. ஷேர் என்று காதில் விழுந்தாலே சட்டைப் பையைப் பொத்திக்கொள்கிற ஆள்.

மாமா வேறு ரகம். எட்டு வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த மார்க்கெட்டை, தானே தோளில் தூக்கி ஏற்றியது போலப் பேசுவார். மனைவி அழுது பார்த்தும் கேட்காமல், வீட்டை அடமானம் வைத்து இன்னும் வாங்குவதற்கு மறுநாள் பாங்கில் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

“திடீர்னு என்ன மாப்ளே?”

“லிப்டுல ஏறுற எல்லாரும் ஷேர்தான் பேசுறாங்க மாமா. பல் டாக்டர், பாட்டு டீச்சர், வாட்ச்மேன்கூட. விக்கிறதைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கல. நான் மட்டும் ஏன் இளிச்சவாயனா இருக்கணும்?” மடியிலிருந்த கனத்த பையைத் தட்டினான். “சேமிப்பு மொத்தமும் எடுத்துட்டு வந்துட்டேன்.”

அக்கா பதறினாள். “டேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!”

மாமா எங்கே சொல்ல? அவருக்கு முகமே வெளுத்துப்போயிருந்தது. நாலு வருஷத்துக்கு முன் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அவரே அடித்த ஜோக் ஞாபகம் வந்துவிட்டது.

‘நம்ம பூட்டு என்னைக்கு ஷேர் வாங்க வர்றானோ, அன்னைக்கு நான் எல்லாத்தையும் வித்துட்டு ஓடிருவேன். அதுக்கப்புறம் வாங்குறதுக்கு உலகத்துல ஆளே பாக்கி இருக்காது!’

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். பூட்டும் சேர்ந்து சிரித்தான்.

“தாராளமா வாங்கு மாப்ளே,” என்றார் மாமா, தேன் ஒழுக. “எனக்குத்தான் இன்னைக்கு நேரமில்ல. யாராவது புரோக்கரைப் பாரு.”

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், போனை எடுத்து ஒன்று விடாமல் விற்றார். பாங்குக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

“என் தம்பியை வாங்கச் சொல்லிட்டு நீங்க விக்கிறீங்களா?”

“அவன் வாங்கினாத்தானே என் கணக்கு சரியா வரும்!”

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். “கவலைப்படாதக்கா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “வாசனையிலேயே கண்டுபிடிச்சேன்” என்று தெருவெல்லாம் தம்பட்டம். பூட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அக்கா அழுதுகொண்டே தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் வேலைக்குக் கிளம்பி, வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் அதே பை.

“எவ்வளவுடா போச்சு? அந்த மனுஷன் உன்னை ஒரு வார்த்தை தடுக்கலையே!”

“நான் எங்கேக்கா வாங்கினேன்?”

“அன்னைக்கு அந்தப் பையில...”

திறந்து காட்டினான். ஸ்பேனர்கள், கிரீஸ் துணி.

“வீட்டை அடமானம் வைக்கிறார்னு நீ போன்ல அழுதியே, உடனே கிளம்பி வந்தேன். லிப்டுல கேட்டது மட்டும் நிஜம்க்கா. அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்துச்சு.”

“அதை அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேடா?”

பூட்டு இன்னொரு முறை பூட்டை இழுத்துப் பார்த்தான்.

“என் புத்தியை மாமா என்னைக்குக்கா நம்பியிருக்கார்? என் முட்டாள்தனத்தைத்தான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவார்!”