அடமானக் கை

நர்சிங் படிக்க வாங்கிய கடன் தீரும்வரை எமிமாவின் கை எமிமாவுடையது இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே யாருக்காவது இலவசமாக வைத்தியம் பார்த்தால், கடன் கம்பெனி மணிக்கட்டில் பூட்டிவிட்ட பட்டை மணியடிக்கும். ஒப்பந்தத்தில் மூன்று மாதம் கூடும். தெர்மாமீட்டர் வைத்தாலும் மணி, நெற்றியைத் தொட்டாலும் மணி. சொந்தப் பிள்ளை என்றாலும் விலக்குக் கிடையாது. இப்போதைய கணக்குப்படி ஐம்பத்தொன்பது வயதில் விடுதலை.

அதனால்தான் எதிர்வீட்டுப் பேச்சியம்மாளின் புருஷன் மூச்சுக்குத் திணறியபோது, எமிமா கையைக் கட்டிக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் மட்டும் போட்டாள். மனுஷன் பிழைத்துக்கொண்டார். பேச்சுவார்த்தைதான் பிழைக்கவில்லை.

இன்று மகள் கெசியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவப்பு. எமிமா வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, புள்ளைக்குக் காய்ச்சலான்னு கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்.”

“ஏன், படிச்ச கை எங்க போச்சு?” என்றாள் பேச்சியம்மாள். “எங்க வீட்டு ஆளு துடிச்சப்போ வேடிக்க பாத்தவதான நீ? இப்பவும் நின்னு பாரு!”

கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள்.

மூன்று மாதம் நாசமாய்ப் போகட்டும் என்று எமிமா வீட்டுக்குள் வந்து மகளிடம் கையை நீட்டினாள். கெசியா போர்வையை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

“தொடாதம்மா, மணி அடிச்சிரும். போன வாரமும் இப்படித்தான் இருந்திச்சு. நான் சொல்லல, தானாவே சரியாயிட்டு.”