இரண்டு வாரம்

"மோவாயை அசைக்காம வைங்க சார்" என்றேன், மூன்றாவது தடவையாக. கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கும் லென்ஸுக்கு அளவெடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது.

"கான்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா?"

நாற்காலியில் இருந்த துணிக்கடைக்காரர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா. பொண்டாட்டிக்குத் தெரியாது. கழுகுக் கண்ணுன்னு பீத்திக்கிட்டுதானே கட்டினேன்!"

"ரெண்டு வாரம் கழட்டி வைச்சுட்டு வாங்க. இல்லன்னா அளவு தப்பிடும், அப்புறம் பார்வையும் தப்பிடும்."

"ரெண்டு நாளாக் குறைங்களேன்! அவ முன்னால சுவத்துல போய் முட்டிக்கவா?"

மனைவி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏங்க, நான் ரெண்டு வாரம் அக்கா வீட்ல இருந்துட்டு வரட்டுமா?"

"தாராளமா!" என்றவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நான் அவர் சீட்டில் அடுத்த தேதியைக் குறித்தேன். அரை மணி முன்னால் அந்த அம்மாவுக்கும் அளவெடுத்து, கான்டாக்ட் லென்ஸைக் கழட்டி வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன்.