கராஜில் ஒரு நெருக்கம்

கராஜில் டேலும் பக்கத்து வீட்டு ரோண்டாவும் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் மேல் குனிந்து, தோளோடு தோள் உரசச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த டேலின் மனைவி மார்னிக்கு வயிறு எரிந்தது. ஆறு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து.

"மார்னி, இன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆயிடும்!" என்றான் டேல். "ரோண்டா கை பட்டா எதுவும் ஓடும்."

"ரோண்டா, கொஞ்சம் தள்ளு" என்றாள் மார்னி.

ரோண்டா பதறினாள். "ஐயோ, நீ நினைக்கிற மாதிரி எங்களுக்குள்ள ஒண்ணுமில்லடி!"

"அவனை நீயே வச்சுக்கோ. எங்கப்பா இந்தக் காரை எனக்குத்தான் எழுதி வெச்சார். ஒரு ஸ்க்ரூவைக்கூட என்னைத் தொட விடலையே, நீங்க ரெண்டு பேரும்!"

டேலின் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, கடைசி போல்ட்டைத் தானே முறுக்கினாள். பானெட்டை மூடிவிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை இருமிவிட்டு என்ஜின் உறுமியது.

"நானும் வரேன்" என்று டேல் கதவைப் பிடித்தான்.

"நீ ஆறு மாசம் இதுகூட இருந்துட்ட. இப்ப என் முறை" என்றவள், காரைத் தெருவில் இறக்கினாள்.