பின்சீட்டுப் பாடம்

"அம்மாடி, வளைவுல எதிர்ப்பக்கம் சாயாதே! ஓட்டுறவன் எந்தப் பக்கம் சாயறானோ, நீயும் மூட்டை மாதிரி அந்தப் பக்கமே போகணும்."

"யாரு மூட்டை?" என்றாள் மனைவி.

"சரி, பூ மூட்டைன்னு வச்சுக்கோ."

கூடத்தின் நடுவில் இரண்டு முக்காலிகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்முக்காலியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். துடைப்பக் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, உதட்டாலேயே 'டுர்ர்ர்' என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து ஓரமாய்ப் போய்ப் படுத்தது. பின்முக்காலியில் அவர் மனைவி. தலையில் புத்தம்புது ஹெல்மெட். மடியில், பிறந்த குழந்தைக்கு வாங்கிய சட்டைகளைப் பிதுங்கப் பிதுங்கத் திணித்த பை.

பேத்தி பிறந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் முகம் பார்க்கவில்லை. பேத்தி இருக்கும் வீடு மலைமேல். மழையில் பாதை பாதி சரிந்துவிட்டதால் பஸ்ஸும் காரும் ஏறாது, பைக் மட்டும்தான். நாளைக் காலையில் வண்டி வந்துவிடும்.

அவளோ வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பைக்கின் பின்னால் உட்கார்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால், அண்ணனோடு. அன்றைக்கு அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, ஆம்புலன்ஸ் வருகிறது என்று பாதி ஊர் ஒதுங்கி வழிவிட்டதாம். அண்ணனுக்கு ஒரு வாரம் காது கேட்கவில்லையாம். குடும்ப வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

"நடுவழியில பயந்து இறங்கிட்டேன்னு வை, பேத்தியை போட்டோவுலதான் பார்க்கணும். புரியுதா?"

"புரியுது டிரைவர் சார். இப்ப எங்க பிடிச்சுக்கணும்?"

"தோளை. மெதுவா."

பிடித்தாள். டிரைவரின் எலும்புகள் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி அலறின.

"ஐயோ, இது தோளு! பஸ் கம்பி இல்ல! இப்படிப் பிடிச்சா ஓட்டுறவன் அப்புறம் சாப்பிடக்கூட கையைத் தூக்க முடியாது."

"ஆயுசு பூரா பஸ்லயே கிடந்தீங்க. பைக்ல பின்னாடி உட்கார்றதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கா? பஸ் கண்ணாடி வழியா நான் பார்த்ததெல்லாம் பின்னாடி உட்கார்றவங்க முதுகைத்தானே! கடையில சேலை தொங்கினா உடம்போட திரும்பறவங்க. நாய் குரைச்சா ரெண்டு காலையும் தூக்கறவங்க. ஒருத்தி சிக்னல்ல இறங்கி சேலையைச் சரி பண்ணினா. பச்சை விழுந்துச்சு, புருஷன் கிளம்பிட்டான். பின்னாடி யாரும் இல்லைன்னு தெரியாம, பேசிக்கிட்டே மூணு ஸ்டாப் போயிட்டான். அந்தப் பொண்ணை என் பஸ்ல ஏத்தி, துரத்திக்கிட்டுப் போய் ஒப்படைச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது. அதைத் தூக்கிவிட்டபோது, அவர் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது.

"விழுந்தவங்களையும் பார்த்தேன்," என்றார். "அதான் இந்த வீட்டுல பைக்குன்ற பேச்சே கூடாதுன்னு சட்டம் போட்டேன்."

"சட்டம் போட்டதுக்குப் பதிலா அன்னைக்கே இந்தப் பாடத்தை எடுத்திருக்கலாம்."

டுர்ர்ர் நின்றுபோனது.

"எடுத்திருக்கலாம்தான். பக்கத்துல உட்கார வச்சு, இப்படிச் சாயி, இப்படி நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம். பயம்னு சொல்லத் தெரியல. எனக்குக் கத்தத்தான் தெரிஞ்சுது."

அவள் அவர் தோளில் கை வைத்தாள். இந்தத் தடவை லேசாக.

"ஆங், இதான்! இந்தப் பிடிதான்," என்றார் திரும்பாமலே. "ஓட்டுறவனுக்கு நீ இருக்கேன்னு தெரியணும். ஆனா பாரமா இருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் முக்காலிகள் மலையேறின. கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. எதிரில் ஒரு லாரி வந்தது. யானைக் கூட்டம்கூட வந்தது. அவள் எதற்கும் அசராமல், சரியான பக்கம் சாய்ந்தாள்.

"குழந்தையோட மூக்கை மட்டும் நல்லா கவனி. எங்கம்மா மூக்கா, உங்கம்மா மூக்கான்னு தீர்ப்பாகணும்."

"உங்க மூக்கா இருந்தா?"

அவர் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்து, "பிரேக் போடறேன், முன்னாடி வந்து இடிக்காதே!" என்றார்.

இடித்தாள்.

காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. அவர் அவளுடைய ஹெல்மெட் வாரை மாட்டி, கழுத்தை இறுக்குகிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகினார். பையைக் குறுக்காக மாட்டிவிட்டார்.

"சைலன்சர் சுடும், கால் படாம பார்த்துக்கோ. சொல்லிட்டு ஏறு. எதுக்கும் கத்தாதே."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளியே போனாள். ஓட்டுபவனிடம் சொல்லிவிட்டு, அவன் தோளில் லேசாகக் கை வைத்து, வண்டி அலுங்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

"அட! இவ்ளோ அழகா உட்கார யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று திரும்பிக் கேட்டான் மகன். பைக் வாங்கிய அன்றைக்கே, வண்டியோடு சேர்த்து அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியவன். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்த வாசலுக்கு வந்திருக்கிறான், அம்மாவை மட்டும் அழைத்துப்போக.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை, 'வேண்டாம், சொல்லாதே' என்று அவசர அவசரமாக ஆடியது.

"யூட்யூப்ல பார்த்தேன்டா," என்றாள்.