அறுபத்திரண்டாவது கேள்வி

எங்கள் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் இப்போது ஆய்வுப் படிவத்தை யாரும் நிரப்புவதில்லை. நாங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே கணினி அறுபத்திரண்டு பதில்களையும் எழுதிவிடும். பகுதிநேர உதவியாளர்கள் போய் வீட்டாரிடம் ஒப்புதல் கைரேகை வாங்கி வந்தால் போதும். ஒரு பிற்பகலில் முப்பது வீடு முடிப்பார்கள். தில்ஷாத் மட்டும் இரண்டுதான் முடிப்பாள். மேற்பார்வையாளன் நான். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் கூடவே போனேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் சகாயமேரி தனியாக இருந்தார். தில்ஷாத் நீட்டிய கைக்கணினித் திரையைப் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ரேகை எங்கம்மா வைக்கணும்?" என்றார்.

"அது கெடக்கட்டும்க்கா. நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க." திரையைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள் தில்ஷாத்.

ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற இடத்தில் சகாயமேரிக்கு அழுகை வந்தது. பிறகு டீ வந்தது. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லும்போது சகாயமேரி வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

கடைசிக் கேள்வி: தனிமையாக உணர்கிறீர்களா? கணினி, 'எப்போதும்' என்று எழுதியிருந்தது.

சகாயமேரி கொஞ்சம் யோசித்தார். "இப்ப இல்லம்மா."

தில்ஷாத் அப்படியே பதிந்தாள். திரை சிவந்தது: 'தவறான பதில். திருத்தவும், அல்லது மேற்பார்வையாளர் பொறுப்பேற்கவும்.'

அவள் என்னைப் பார்த்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரலைத் துடைத்து, என் கைரேகையை வைத்தேன்.