மஞ்சள் கோடு

செண்பகாவின் வீட்டுக் கூடத்துத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டை, ஆய்வுத் துறைப் பெண் இன்று காலை வந்து உரித்தெடுத்தாள்.

நோயைத் தீர்ப்பது கஷாயமா, அதைக் கொடுக்கிற கையா என்று அரசாங்கமே செலவு செய்து வீடு வீடாகச் சோதிக்கிறது. செண்பகாவின் கணவன் இளவழகனுக்கு விடாத இருமல். குலுக்கலில் அவன் விழுந்தது, யார் கையும் படாமல் கஷாயம் மட்டும் குடிக்கிற பிரிவில். துறை அனுப்பும் மூலிகைப் பொடியைக் காய்ச்சி மேசையில் வைத்துவிட்டு, அவள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். நெஞ்சைத் தடவிவிடக் கூடாது. "குடிங்க, சரியாயிடும்" என்று சொல்லவும் கூடாது. ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் ஒருமுறை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்குப் பிறகு, அவன் இருமி இருமிச் சுருண்டு விழுந்தபோதுகூட அவள் கோட்டைத் தாண்டவில்லை.

"கஷாயம் தனியாவே கேக்குதுங்க. சாருக்குச் சுத்தமா குணமாயிடுச்சு," என்றாள் ஆய்வுப் பெண். "இனிமே நீங்க தாராளமா கிட்டப் போகலாம்."

"சரிங்க," என்றாள் செண்பகா. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

ஆய்வுப் பெண் போனதும் காபி கலந்து, டபராவில் ஆற்றிக்கொண்டே இளவழகன் அருகில் போனாள். அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"மேசையில வெச்சிரு, நானே எடுத்துக்கறேன்," என்றான். குரலில் கோபமெல்லாம் இல்லை.

வைத்தாள். கோடு இருந்த இடத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டாள்.